அயனம்பாக்கத்து அடுப்பில் இறால்

அயனம்பாக்கத்தில் ஏரி உண்டு, கடல் இல்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இறால் மணக்காத வீதி அபூர்வம்.

அமெரிக்காவில், லூயிஸியானாவில், 'கேஜன்' என்றொரு ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் கனடாவின் அக்கேடியாப் பிரதேசத்தில் பயிரிட்டு வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள் என்று 1755-ல் தொடங்கி ஆங்கிலேயர் அவர்களைக் கப்பலேற்றித் துரத்தினார்கள். (பிரமாணம் கேட்கும் அந்தக் கைவரிசையை நாமும் அறிவோம்!) அகதிகளாய் ஒதுங்கிய சதுப்பு நிலத்தில் கிடைத்த இறாலையும் அரிசியையும் கொண்டு அவர்கள் கண்ட பதார்த்தம் 'எத்தூஃபே'; மூடிப் புழுக்கியது என்று பொருள். மாவை நெய்ப்பசையில் சிவக்க வறுத்து, வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து, இறாலை மூடி வேகவைப்பார்கள்.

நம் தொக்கு அதற்கு ஒன்றுவிட்ட சகோதரிதான். அரைக் கிலோ இறாலை உரித்து, முதுகின் கரு நரம்பை நீக்குங்கள். தலையையும் ஓட்டையும் எறிந்துவிடாதீர்கள். ருசி அங்கேதான் இருக்கிறது. அவற்றை இரண்டு கோப்பை நீரில் கால் மணி கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, மூன்று வெங்காயம், இஞ்சி பூண்டு, இரண்டு தக்காளி, மிளகாய்த்தூள், உப்பு என வதக்கி, அந்தச் சாற்றை ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை சுண்டவிடுங்கள். இறாலைக் கடைசியில் போட்டு நாலு நிமிஷம் மூடினால் போதும். மோதிரம்போல் இறுகச் சுருண்டதோ, ரப்பர்தான்!

பழவேற்காட்டு இறால் கிடைத்தால் சிலாக்கியம். கடலில் பிறந்த குஞ்சு முகத்துவாரம் வழியே அந்த உப்பேரிக்குள் வந்து வளர்கிறது. வாயில் மணல் மேடிட்டுவிட்டால் அதற்கு வழியில்லை; வலைஞர் கூடை வெறுமையாகிறது. அன்றைக்கு நமக்குப் பண்ணை இறால்தான்.