பனித்தளமும் பட்சபாதமும்

ஓட்டப் பந்தயத்தின் முடிவுக்கோட்டில் பொருத்திய கருவி, கண்ணுக்கு எட்டாத வித்தியாசத்தையும் ஐயத்துக்கு இடமின்றித் தீர்த்துவைப்பதைச் சென்ற இதழில் கண்டோம். இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் ஃபிகர் ஸ்கேட்டிங் அந்த வகையைச் சேர்ந்ததன்று. எஃகுத் தகட்டைப் பாதத்தில் பூட்டிக்கொண்டு, இசைக்கு இசைய உறைபனியின்மேல் வழுக்கிச் சென்று, அந்தரத்தில் மும்முறை சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும் அந்த வித்தையில், தேகபலமும் கலையின் சௌந்தரியமும் பிரிக்கமுடியாதபடி கலந்திருப்பதால், இருவரில் எவர் உயர்ந்தவர் என்று சொல்லக் கடிகாரமும் உதவாது, அளவுகோலும் உதவாது. மனிதர் சிலர் வரிசையாக அமர்ந்து பார்த்துத் தம் அபிப்பிராயத்தை எண்ணாக எழுதித் தரவேண்டியிருக்கிறது. அபிப்பிராயம் எண்ணாக மாறுகிற அந்த இடத்தில்தான் ஏறத்தாழ நூறாண்டுகளாக வழக்கு நடக்கிறது.

1927ஆம் ஆண்டு நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் பெண்களுக்கான உலகப் பட்டப் போட்டி நடந்தது. ஐந்து முறை தொடர்ந்து பட்டம் வென்றிருந்த வியன்னாவின் ஹெர்மா சாபோவை எதிர்த்து நின்றவள் அந்த ஊர்ச் சிறுமியாகிய பதினான்கு வயது சோன்யா ஹெனி. நடுவர் ஐவரில் மூவர் நார்வேக்காரர். மூவரும் சோன்யாவை முதலில் வைத்தார்கள். ஆஸ்திரியரும் ஜெர்மானியரும் சாபோவை முதலில் வைத்தார்கள். பட்டம் சோன்யாவுக்குப் போயிற்று. எழுந்த கூச்சலைக் கேட்ட சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், இனி ஒரு தேசத்துக்கு ஒரு நடுவர்தான் என்று விதி செய்தது. அந்தச் சிறுமியோ பின்னர் மூன்று ஒலிம்பிக் தங்கங்களும், இதையும் சேர்த்துப் பத்து உலகப் பட்டங்களும் வென்று தன் காலத்தின் நிகரற்ற வித்தைக்காரியானாள். ஆகவே ஆஸ்லோவில் தகுதியுள்ளவளே வென்றாள் என்று வாதிப்போர் இன்றும் உண்டு. அவள் தகுதியுள்ளவள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிற்காலப் பெருமையைச் சாட்சிக்கு அழைத்து அன்றைய நடுவர் வரிசையை நியாயப்படுத்துவது செல்லாது. ஆடியவரின் தகுதி ஒன்று, தீர்த்தவரின் தகுதி வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதாலேயே இத்துறையின் விவாதங்கள் முடிவதே இல்லை.

1994ஆம் ஆண்டு பிப்ரவரியில் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நான்சி கெர்ரிகன், அவ்வாண்டு ஜனவரி 6ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் பயிற்சி முடித்து வெளியே வருகையில், சகபோட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவனும் அவன் கூட்டாளிகளும் ஏவிய ஆளால் முழங்காலில் தாக்கப்பட்டு, ஏழே வாரங்களில் தேறி எழுந்து வந்தவர். உலகத்தின் அனுதாபம் முழுதும் அவர் பக்கம் இருந்தது. எதிரே நின்றவள் உக்ரைன் நாட்டின் பதினாறு வயது ஒக்சானா பாயுல். தாயை இழந்து, தகப்பனின் ஆதரவும் இன்றி, ஒடெஸா நகரில் பயிற்சியாளரின் குடும்ப நிழலில் வளர்ந்த பெண். இறுதிச் சுற்றுக்கு முந்தைய நாள் பயிற்சியில் ஜெர்மானிய வீராங்கனை ஒருத்தியோடு மோதிக் கணுக்காலுக்கு மேலே மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கெர்ரிகன் ஏறத்தாழப் பிசகின்றி ஆடினார். பாயுல் குதிப்புகளில் சற்றுக் குறைவு வைத்தாலும், இசையைக் கைவிரல் நுனிவரை கொண்டுபோகும் லாகவம் அவளிடம் இருந்தது. முடிவு நெருங்கிய கடைசிக் கணங்களில், திட்டத்தில் இல்லாத ஒரு குதிப்புச் சேர்க்கையையும் துணிந்து செய்துவிட்டாள்.

நடுவர் ஒன்பதின்மரில் நால்வர் கெர்ரிகன் பக்கம், நால்வர் பாயுல் பக்கம். மிஞ்சியவர் ஜெர்மனியின் யான் ஹாஃப்மன். அக்காலத்து முறைப்படி ஒவ்வொரு நடுவரும் ஆறுக்கு இத்தனை என்று இரண்டு மதிப்பெண்கள் வழங்குவார்: ஒன்று சாதனையின் நுட்பத்துக்கு, மற்றது கலைநயத்துக்கு. ஹாஃப்மனின் கணக்கில் இருவருக்கும் கூட்டுத்தொகை சமமாகவே வந்தது. சமமானால் கலை மதிப்பெண் தீர்க்கும் என்பது விதியாகையால், அதில் 0.1 கூடுதலாகப் பெற்ற பாயுலுக்கு ஒலிம்பிக் தங்கம் வந்து சேர்ந்தது. இந்த ஹாஃப்மன், 1980ஆம் ஆண்டு லேக் ப்ளாசிட் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ராபின் கஸின்ஸிடம் தங்கத்தை இழந்து வெள்ளியோடு திரும்பியவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நடுவர்களின் பென்சில் முனையில் ஒரு வாழ்க்கை தொங்குவதன் வேதனையை அவர் அறிவார். அவர் தீர்ப்பு எனக்கு உடன்பாடா என்றால், உடன்பாடில்லை. அன்றைய தினம் கெர்ரிகனே மேல் என்பது என் ரசனை. எனினும் அதை அநீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நுட்பத்தை ஒருவர் அதிகம் மதிப்பார், நயத்தை மற்றவர் அதிகம் மதிப்பார். நேர்மையான மனிதர் இருவர் இப்படி மாறுபடலாம்.

நேர்மையற்று மாறுபட்டதன் உதாரணம் 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் நகரில் வெளிப்பட்டது. ஜோடிப் போட்டியில் ருஷ்யாவின் எலேனா பெரெஷ்னாயாவும் அன்டன் சிகாருலிட்ஸேயும் ஆடுகையில், சிகாருலிட்ஸே ஒரு குதிப்பில் இறங்கும்போது தடுமாறினார். கனடாவின் ஜேமி சலேயும் டேவிட் பெல்ட்டியேயும் தடுமாற்றமின்றி ஆடி முடித்தார்கள். தங்கம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ருஷ்யர்களுக்குப் போயிற்று. மறுதினமே பிரெஞ்சு நடுவர் மரீ-ரேன் ல கூன்ய், தம் நாட்டுச் சம்மேளனத் தலைவரின் நிர்ப்பந்தத்தால் ருஷ்ய ஜோடிக்கு வாக்களித்ததாகக் கண்ணீரோடு சொன்னார் என்ற செய்தி பரவியது. பிறகு அவரே அதை மறுத்துப் பேசினார். ஐஸ் நடனப் போட்டியில் பிரெஞ்சு ஜோடிக்கு ருஷ்ய வாக்கு, ஜோடிப் போட்டியில் ருஷ்யர்களுக்குப் பிரெஞ்சு வாக்கு என்று பண்டமாற்று நடந்ததாகக் குற்றச்சாட்டு. கனடா ஜோடிக்கு இரண்டாவதாக ஒரு தங்கம் வழங்கப்பட்டது. நடுவரும் சம்மேளனத் தலைவரும் மூன்றாண்டு விலக்கப்பட்டனர்.

அந்தக் களங்கத்தைத் துடைக்கச் சங்கம் இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று நல்லது, மற்றது கெட்டது. ஆறு மதிப்பெண் முறையை ஒழித்து, ஒவ்வொரு குதிப்புக்கும் சுழற்சிக்கும் இன்ன விலை என்று முன்கூட்டியே நிர்ணயித்து, அந்த அடிப்படை விலைமேல் செய்நேர்த்திக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும், மளிகைக் கடைச் சீட்டுப்போல் இனம் இனமாகக் கூட்டுகிற முறையைக் கொண்டுவந்தது நல்லது. நடுவர்களை அவரவர் சம்மேளனத்தின் நிர்ப்பந்தத்திலிருந்து காப்பதற்கென்று சொல்லி, எந்த எண் எவர் இட்டது என்பதை உலகத்துக்குத் தெரியாமல் மறைத்தது கெட்டது. திரைக்குப் பின்னால் அமரும் நடுவர் தம் சம்மேளனத்துக்கு அஞ்சவேண்டாம் என்பது உண்மையே. ஆனால் ஊருக்கும் அஞ்சவேண்டாமே!

இவ்விரண்டும் ஒருங்கே சோதனைக்கு வந்தது 2014ஆம் ஆண்டு சோச்சி ஒலிம்பிக்கில். நான்காண்டுக்கு முன் வான்கூவரில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் யூனா ஒருபுறம். ருஷ்யாவின் பதினேழு வயது அடெலினா சொத்னிகோவா, சொந்த மண்ணின் ஆரவாரத்துக்கு நடுவே, மறுபுறம். குறுஞ்சுற்றில் யூனா 74.92, சொத்னிகோவா 74.64. பிப்ரவரி 20ஆம் தேதி இறுதிச் சுற்றில், எல்லாருக்கும் கடைசியாகப் பனித்தளத்தில் இறங்கிய யூனா, பியாஸோலாவின் இசைக்குப் பிசகின்றி ஆடினார். சொத்னிகோவா ஒரு முக்குதிப்புச் சேர்க்கையின் கடைசி இறக்கத்தில் சற்றுத் தடுமாறியிருந்தாள். ஆயினும் யூனாவுக்கு 144.19, சொத்னிகோவாவுக்கு 149.95. கொரியாவில் ஆத்திரம் கிளம்பிற்று. இணைய விண்ணப்பம் ஒன்றுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன.

ஆத்திரத்தை ஒதுக்கிவிட்டுச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். சொத்னிகோவா மும்முறைச் சுழற்சிக் குதிப்புகள் ஏழு செய்தாள், யூனா ஆறு. மும்முறை லூப் என்னும் குதிப்பு யூனாவின் நிரலில் கிடையாது. ஆகவே அடிப்படை விலையே அவளுக்கு 61.43, இவருக்கு 57.49. இந்த 3.94 வித்தியாசம் எவர் தயவாலும் வந்ததன்று என்று சொல்லத் தோன்றினாலும், இதிலும் ஒரு பங்கு கண்பார்வையைச் சேர்ந்தது. கால்வரிசைக்குச் சொத்னிகோவாவுக்கு நான்காம் படியும் யூனாவுக்கு மூன்றாம் படியும் அளித்தவர்கள் நுட்பக் குழுவினர், அக்குழுவின் மேற்பார்வையாளரோ ருஷ்யச் சம்மேளனத்தின் உபதலைவர் அலெக்ஸாண்டர் லாகெர்னிக். செய்நேர்த்திக்காகக் கூடியது அவளுக்கு 14.11, இவருக்கு 12.20. கடைசியாகக் கலைநயம் முதலிய பொது அம்சங்களுக்கு யூனா 74.50, சொத்னிகோவா 74.41. என் புருவம் உயர்வது இங்கேதான். கடினமான நிரலுக்குக் கடினத்தின் கூலியைக் கொடுத்தாயிற்று. அதன்பின் முதிர்ந்த கலைஞருக்கும் துடிப்பான சிறுமிக்கும் நயத்தில் 0.09 தவிர வேற்றுமை இல்லையென்று நடுவர்களின் சராசரி சொல்லுமானால், அந்தப் பத்தியை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தும், பொது அம்சங்களில் யூனாவுக்கு நியாயமான ஏற்றத்தைக் கொடுத்தால்கூடப் போட்டி நெருக்கமாகியிருக்குமே அல்லாது முடிவு நிச்சயமாக மாறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

அப்படியானால் குறை எங்கே? ஒன்பது நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்திருந்தவர் அல்லா ஷேகோவ்த்சேவா. ருஷ்யச் சம்மேளனத்தை நெடுங்காலம் ஆண்ட வலென்டின் பிசேயெவின் மனைவி. போட்டி முடிந்ததும் அவர் சொத்னிகோவாவைத் தழுவிக்கொண்ட காட்சியைக் காமிராக்கள் பிடித்துவிட்டன. இன்னொரு நாற்காலியில் உக்ரைனின் யூரி பால்கோவ். 1998ஆம் ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில் ஐஸ் நடன முடிவை முன்கூட்டியே பேசியது கனடா நடுவர் ஒருவரின் ஒலிப்பதிவில் சிக்கியதால் ஓராண்டு விலக்கப்பட்டவர். விதிப்படி இருவருக்கும் அங்கே அமரத் தடையில்லை. கொரியச் சம்மேளனத்தின் முறையீட்டையும் சங்கம் தள்ளுபடி செய்தது. அவ்விருவரும் நேர்மையாகவே எண்ணிட்டிருக்கலாம்; எந்த எண் அவர்களுடையது என்பது மறைக்கப்பட்டிருந்தபடியால், நேர்மையாக எண்ணிட்டிருந்தாலும் அதைக் காட்டிக்கொள்ள அவர்களுக்கே வழியில்லாமற் போயிற்று. சொத்னிகோவாவுக்கு நேர்ந்த அநியாயமும் இதுதான்: நன்றாக ஆடி வென்ற பதக்கத்தின்மேல், தான் செய்யாத தவற்றுக்காகச் சந்தேகத்தைச் சுமக்கிறாள். யூனா ஆட்சேபம் எதுவும் எழுப்பாமல் வெள்ளியை அணிந்துகொண்டு ஓய்வு பெற்றுவிட்டார்.

சங்கம் 2016ஆம் ஆண்டு மாநாட்டில் திரையை விலக்கிற்று; அதுமுதல் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நடுவரின் பெயர் அச்சாகிறது. சோச்சியின் தங்கத்தைத் திருப்பிக் கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த இரு நாற்காலிகளில் அவ்விருவரை உட்காரவைத்ததே பிழை என்பதுதான் என் முடிவு. மாறுபடும் வாசகர்கள், இரு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும்படி வேண்டுகிறேன்.