3 ஆண்டுக்கு முன் விழுந்த இடி 11 உயிரைக் குடித்தது!

ஹெலிகாப்டர் இறக்கைக்குள் ஒளிந்திருந்த எமன்

2002–ம் ஆண்டு ஜூலை 16–ந் தேதி மாலை. இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் வடகடலில் ஒரு ஹெலிகாப்டர் பறந்து கொண்டு இருந்தது. அதில் கடலுக்கு நடுவே எரிவாயு எடுக்கும் மேடைகளுக்குப் போய் வரும் ஊழியர்கள் 9 பேர், விமானிகள் 2 பேர். நாம் டவுன் பஸ் ஏறுவது போல அவர்களுக்கு ஹெலிகாப்டர்.

திடீர் என்று, தலைக்கு மேல் சுழன்ற விசிறியின் 4 இறக்கைகளில் ஒன்று முறிந்து பறந்தது. அடுத்த கணம் விசிறியே பிய்த்துக் கொண்டு போனது. ஹெலிகாப்டர் கல்லைப் போல கடலில் விழுந்தது. 11 பேரும் பலியானார்கள்.

அன்று அதன் மீது இடி எதுவும் விழவில்லை. அப்படியானால் இறக்கை முறிந்தது ஏன்?

துப்பு துலங்கியது

விமான விபத்து விசாரணை அதிகாரிகள் முறிந்த இறக்கையின் பூர்வீகத்தைத் தோண்டினார்கள். திடுக்கிடும் தகவல் கிடைத்தது. 1999–ம் ஆண்டு அந்த இறக்கை வேறு ஒரு ஹெலிகாப்டரில் இருந்தது. அப்போது அதை மின்னல் தாக்கி இருக்கிறது!

சும்மா துடைத்து மாட்டி விடவில்லை. தயாரித்த கம்பெனிக்கே அனுப்பினார்கள். அங்கே விதிப்படி சோதித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

இறக்கைக்கு உள்ளே முதுகெலும்பு மாதிரி ஒரு டைட்டானியம் சட்டம் ஓடும். முன் விளிம்பு தேயாமல் இருக்க மேலே உலோக உறை போட்டு இருப்பார்கள். அந்த உறையின் இணைப்பில், செய்யும்போதே ஒரு சின்னக் குறை. மின்னல் அந்த இடம் பார்த்துச் சட்டத்தில் பாய்ந்து சுட்டு விட்டது. காயத்தை உறை மூடிக் கொண்டது. யார் கண்ணுக்குத் தெரியும்? விசிறி சுற்றச் சுற்ற விரிசல் வளர்ந்தது.

18 பேர் தப்பினர்

அதே வடகடலில் 1995–ம் ஆண்டு ஜனவரி 19–ந் தேதி வேறு கதை. குளிர் கால மேகத்துக்குள் புகும் ஹெலிகாப்டர் சில நேரம் தானே மின்னலை இழுத்து விடும். அபர்டீன் நகரில் இருந்து எண்ணெய் மேடைக்குக் கிளம்பிய ஹெலிகாப்டரின் வால் விசிறியில் மின்னல் அடித்தது. வெளிச்சம், சத்தம், உதறல்! அடிபட்டது விமானிக்கு உடனே தெரிந்து விட்டது. சில நிமிடத்தில் வால் விசிறி செயல் இழந்தது. கொந்தளித்த கடலில் ஹெலிகாப்டரை அப்படியே இறக்கினார். மிதவைகள் தாங்கின. 18 பேரும் ரப்பர் படகில் ஏறினார்கள். கப்பல் வந்து மீட்டது.