காலராக் கிருமியைக் கண்டறியும் உயிருணரி: லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியாவின் மரபணு வடிவமைப்பு

முன்னுரை

காலரா நோயை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா, மாசடைந்த நீர், உணவு ஆகியவற்றின் வழியே உடலுக்குள் நுழைகிறது. சிறுகுடலில் பெருகி நச்சைச் சுரக்கிறது. மலத்திலிருந்து இக்கிருமியை வளர்த்து உறுதிசெய்ய ஆய்வகத்திற்குச் சில நாள்கள் தேவை. அதற்குள் நோய் பலருக்கும் பரவிவிடலாம். எனவே, குடலுக்குள்ளேயே கிருமியை உணர்ந்து அறிவிக்கும் நன்மை தரும் பாக்டீரியாக்களை, அதாவது புரோபயாடிக்குகளை, வடிவமைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கிருமியின் வேதிக்குறிப்பு

பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளை வெளியிட்டு, தம்மினத்தின் அடர்த்தியை அறிந்துகொள்கின்றன. இது குழு உணர்தல் எனப்படும். விப்ரியோ காலரே வெளியிடும் இத்தகைய மூலக்கூறுகளுள் ஒன்று சிஏஐ-1. அதனை உணரும் ஏற்பி அக்கிருமியின் சவ்வில் உள்ளது.

உணரியின் அமைப்பு

மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பாலாடைக்கட்டித் தயாரிப்பில் பயன்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸைத் தேர்ந்தெடுத்தனர். இது நிசின் என்னும் பொருளை உணரும் ஏற்பியை இயல்பாகக் கொண்டது. அவ்வேற்பியின் உட்பகுதியுடன் காலராக் கிருமியின் ஏற்பியிலுள்ள உணர்பகுதியை இணைத்துக் கலப்பு ஏற்பி ஒன்றை உருவாக்கினர்.

சிஏஐ-1 இல்லாதபோது, கலப்பு ஏற்பியின் தூண்டலால் ஓர் அடக்குப் புரதம் உருவாகி, அறிவிப்பு மரபணுவைத் தடுத்து வைக்கிறது. சிஏஐ-1 பிணைந்ததும் அத்தூண்டல் நிற்கிறது. தடை விலகி, பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதி உருவாகிறது. எலிக்குட்டிகளின் மலத்தில் இந்நொதி கண்டறியப்பட்டது. நைட்ரோசெஃபின் என்னும் வேதிப்பொருளை இது சிதைக்கையில் மஞ்சள் நிறம் சிவப்பாக மாறும்.

மரபணு மாற்றப்படாத லாக்டோகாக்கஸ் லாக்டிஸும் பயன் தந்தது. அது சுரக்கும் லாக்டிக் அமிலம் காலராக் கிருமியின் வளர்ச்சியை ஒடுக்கி, எலிக்குட்டிகள் பிழைக்கும் வாய்ப்பை உயர்த்தியது.

பாதுகாப்புச் சிக்கல்கள்

பீட்டா-லாக்டமேஸ் பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியுமாகும். அதன் மரபணு குடலிலுள்ள பிற பாக்டீரியாக்களுக்குத் தாவினால் மருந்தெதிர்ப்பு பரவக்கூடும். ஆகவே, மனிதப் பயன்பாட்டிற்கு வேறு அறிவிப்பு நொதியைத் தேர்வதே தக்கது. வடிவமைத்த பாக்டீரியா சூழலில் பெருகாமலும் காக்க வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு: நெதர்லாந்தில் கிரோன் நோயாளிகள் 10 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டு முடிவு வெளியிடப்பட்ட லாக்டோகாக்கஸ் லாக்டிஸில், தைமிடின் சார்ந்த இன்றியமையா மரபணு ஒன்று நீக்கப்பட்டிருந்தது. தைமிடின் கிடைக்காத இடத்தில் அது வாழ இயலாது.

முடிவுரை

காலரா சிகிச்சையில் முதன்மையானது நீரிழப்பை உடனே ஈடுசெய்வதாகும். அது ஆய்வு முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஆதலின், இவ்வுணரியின் பயன் தனியொருவரின் சிகிச்சையைவிடக் கண்காணிப்பிலேயே மிகுதி எனலாம். நோய் பரவும் பகுதியில் முதல் நோயாளிகளை விரைந்து இனங்கண்டால், மாசடைந்த நீர்மூலத்தை முன்னரே அடைக்க இயலும். எனினும், எலிக்குட்டியின் குடலில் பெற்ற முடிவு, கடும் பேதியால் அலசப்படும் மனிதக் குடலுக்கும் பொருந்துமா என்பது சோதித்தே தெளிய வேண்டியதாகும்.