கை களைத்தால் மூளைக்கும் வேலை

உடலியங்கியல் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களின் தலையில் மின்முனைத் தொப்பியை மாட்டி, கையில் பிடிவிசைமானியைக் கொடுப்பேன். பாதி பலத்தில் விடாமல் அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் முன்கை நடுங்கும். ஆனாலும் முள் இறங்காது. தசைநார்கள் களைக்கக் களைக்க, மூளையின் இயக்கப் புறணி தன் ஆணையைக் கூட்டுகிறது. திரையில் அதன் மின்னலைகளும் மாறுகின்றன.

இன்னும் நீடித்தால், தசையிலிருந்து நரம்பு வழியே ஏறும் களைப்புச் செய்தியும் சேர்ந்து, அந்த ஆணையே தளர்கிறது. 1996இல் ஆஸ்திரேலியாவின் சைமன் கண்டீவியா குழுவினர், முழு பலத்தோடு முழங்கையை மடக்கிக் களைத்தவர்களின் மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டினார்கள். கையில் கூடுதல் விசை பிறந்தது. மூளை முழு ஆணையையும் அனுப்பவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பயிற்சியில் பிள்ளை “முடியலை சார்” என்றால், சோம்பேறி என்று திட்டாதீர்கள். தசையோடு மூளையும் களைத்திருக்கிறது, ஓய்வு கொடுங்கள்.