வேட்டைப் படகுக்கு எத்தகைய மோட்டார் பொருந்தும்?

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில், நாணல் சூழ்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்பினூடே வாத்து வேட்டைக்குச் செல்வோர், தம் தட்டையடிப் படகுக்குப் புதிய அவுட்போர்டு மோட்டார் வாங்க முற்படுங்கால், குதிரைத்திறனுக்கு முன்னதாகத் தண்டின் நீளத்தை விசாரிப்பதே விவேகமாகும்.

ஏன்? தண்டின் கீழ்நுனியிலுள்ள உந்துவிசிறி நீரைப் பின்னோக்கித் தள்ளுவதன் எதிர்விளைவாகவே படகு முன்னேறுகிறது. தண்டு குட்டையாயின், விசிறி மேற்பரப்பின் காற்றை உள்ளிழுத்து, விரைந்து சுழன்றும் உந்துவிசையை இழக்கும். நெடிதாயின், நீரின் தடை மிகுவதோடு, சேற்றிலும் மரவேர்களிலும் மோதிச் சேதமுறும்.

எப்படித் தேர்வது? மோட்டாரைத் தாங்கும் பின்பலகையின் உயரம் சுமார் 15 அங்குலமாயின் குட்டைத் தண்டும், 20 அங்குலமாயின் நெடுந்தண்டும் பொருந்தும். விசிறிக்கு மேலுள்ள கிடைத்தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே நிலையில் அமைதல் வேண்டும். படகில் பதித்த தகடு குறிக்கும் உச்சக் குதிரைத்திறனை ஒருபோதும் மீறலாகாது. திறன் மிகுந்த மோட்டாரின் மிகையான பாரம் பின்புறத்தை அமிழ்த்தி, அலை உட்புக வழிவகுக்குமாதலால் பிராணாபாயம் நேரும். சாதாரண மோட்டார் தன்னைக் குளிர்விக்கச் சுற்றியுள்ள நீரையே உறிஞ்சுவதால், சேறு மிகுந்த இடங்களில் அதன் நீர்வழி அடைபடக்கூடும். அங்கே காற்றால் குளிரும் எஞ்சினே உத்தமம்.