ஆறு இடப்புறம், அரங்கன் வலப்புறம்

மைசூருவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணம், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுவதால் உருவான தீவாகும். காவிரியில் அரங்கநாதர் கோயில் கொண்ட தீவுகளான மூன்று அரங்கங்களுள் இது ஆதிரங்கம் என்றும், சிவனசமுத்திரம் மத்தியரங்கம் என்றும், திருவரங்கம் அந்தியரங்கம் என்றும் வழங்கப்படுகின்றன. கோயிலையும் மலையையும் வலம் வந்து பழகிய தமிழர்க்கு, புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் நடைவழி புதிதன்று. இத்தீவை வலமாகச் சுற்றுவோர்க்கு அரங்கநாதர் கோயில் வலப்புறமும் ஆறு இடப்புறமுமாக அமையும் என்பதே இங்குள்ள சிறப்பு.

அடையாளமிட்ட ஒரே நடைபாதையாக இச்சுற்றுவழி அமைக்கப்படவில்லை. கோட்டையை ஒட்டிய சாலைகள், படித்துறைகள், கரும்பும் நெல்லும் விளையும் வயல்களின் வரப்புகள் ஆகியவற்றை இணைத்தே சுற்ற வேண்டியிருப்பதால், முழுச் சுற்றும் 10 கிலோமீட்டரைத் தாண்டும். மேற்கே கோட்டையில் தொடங்குவோர், கஞ்சாம் பகுதியின் நிமிஷாம்பா கோயிலைக் கடந்து, கீழ்க்கோடியில் இரு கிளைகளும் கூடும் சங்கமத்தை அடைந்து, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அடக்கமான கும்பஸ் வழியாகத் திரும்பலாம். கோட்டையின் மேற்கு மூலையில் மதில் உடைக்கப்பட்ட இடம் ஆற்றின் இயல்பை நினைவூட்டுகிறது: மழைக்காலம் வந்து நீர் பெருகினால் முற்றுகை பயனற்றுப் போகும் என்பதை அறிந்த, திப்புவின் கோட்டையை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் படை, நீர் வற்றியிருந்த 1799 மே 4 அன்று நண்பகலில் தென்கிளையை நடந்தே கடந்து கோட்டைக்குள் புகுந்தது.

தீவின் பெரும்பகுதி ஊராகவும் வயலாகவும் மாறிவிட்டமையால், ஆற்றங்கரைக் காட்டை அதன் செறிவோடு காண விரும்புவோர் சற்று மேற்கே உள்ள ஆற்றிடைத் திட்டுகளான ரங்கனதிட்டுக்குச் செல்வது நலம். ஆற்றங்கரைக் காடு என்பது வெள்ளத்தில் நனைந்தும் கோடையில் காய்ந்தும் வளரக்கூடிய மரங்கள் கரையை ஒட்டி அமைக்கும் பசும்பட்டையாகும். அதன் வேர்கள் கரைமண்ணை இறுகப் பிடிக்கின்றன, அடர்த்தி வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கிறது, நிழல் நீரைக் குளிர்விக்கிறது. இக்காட்டின் தலைமகன் நீர்மருது. கன்னடத்தில் 'ஹொளெமத்தி', அதாவது ஆற்று மருது, எனப்படும் இம்மரத்தின் வெளிறிய சாம்பல் நிறப் பட்டை, மெல்லிய ஏடுகளாக உரிந்து விழுந்து வழவழப்பான அடிமரத்தைக் காட்டும். கையில் எடுத்துப் பார்த்தால் காய் கட்டைபோல் உறுதியாகவும், நீளவாக்கில் ஐந்து சிறகுகள் புடைத்ததாகவும் இருக்கும். நீரில் விழுந்தால் மிதந்து சென்று, ஒதுங்கிய கரையில் முளைக்கும். மரத்தை நடுவதும் ஆறே.

திட்டு என்னும் சொல்லின் பொருள் தமிழர்க்கு விளக்க வேண்டாதது. 1645 முதல் 1648 வரையில் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் காவிரியின் குறுக்கே எழுப்பப்பட்ட அணைக்கட்டினால் ரங்கனதிட்டின் திட்டுகள் உருவாயின. பறவையியலாளர் சாலிம் அலியின் தூண்டுதலால் 1940-இல் இவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலகளவில் முதன்மை வாய்ந்த ஈரநிலமாக, ஏற்கப்பட்டது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் திட்டின் மரங்களில் கூடு கட்டுவதற்குக் காரணம், சுற்றியுள்ள நீர் அகழிபோல் காப்பதே. ஆற்று ஆலா பாறைகளிலேயே முட்டையிடுகிறது. அப்பாறைகளில் வெயில் காயும் முதலைகளும் இவ்வாற்றின் குடிகளே ஆதலால், தீவின் படித்துறையாயினும் வெறிச்சோடிய கரையாயினும் நீரில் இறங்குவது தகாது.

நடைக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் தொடங்கிப் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் மேலேயுள்ள கிருஷ்ணராஜ சாகர் அணை தன் முழு அளவான 124.80 அடியை நெருங்கி நீர் திறக்கப்படும்போது, ரங்கனதிட்டில் படகுகள் நிறுத்தப்படுகின்றன, திட்டுகளும் மூழ்குகின்றன, தீவின் தாழ்ந்த கரைவழிகளும் நீருக்குள் போகின்றன. ஆகவே, இவ்வழியில் நடக்கப் புறப்படுவோர் வானத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், அணையில் அன்று எத்தனை கன அடி நீர் திறக்கப்பட்டுள்ளது என்பதைக் கேட்டறிந்த பின்னரே கரையில் கால் வைக்க வேண்டும்.