திரை ஆடினால் எங்கே பார்ப்பது?

நம் போடியில் ஏலக்காய் ஏலமே 2007 முதல் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. கடையில் பில்லும் அதில்தான். திரை துடித்தால் 3 என்பது 8 ஆகத் தெரியும். நஷ்டம் நமக்கு.

மெக்கானிக்கை அழைக்குமுன் பின்பக்கக் கேபிளைக் கழற்றி மாட்டி, திருகுகளை இறுக்குவோம். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். வண்டன்மேட்டுப் பக்கம் சாரல் நாட்களில் பின்களில் களிம்பும் ஏறும். உலர்ந்த துணியால் துடைக்கலாம், மின்சாரத்தை நிறுத்திவிட்டு.

பழைய பிக்சர் டியூப் மானிட்டர் என்றால் பக்கத்தில் அரவை மோட்டாரோ ஸ்டெபிலைசரோ இருக்கிறதா பாருங்கள். அதன் காந்தம் படத்தை ஆட்டும். தள்ளி வைத்தால் நிற்கும். மூடியை மட்டும் கழற்றாதீர்கள். அணைத்த பின்னும் உள்ளே பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

எதற்கும் அடங்காவிட்டால் பக்கத்துக் கடை மானிட்டரை மாட்டிப் பார்ப்போம். அதுவும் துடித்தால் பழுது கம்ப்யூட்டரில். புது மானிட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.